வடிகாலா, உறைகிணறா, குளமா? தெருவுக்கு வரும் பணத்தை எதில் போடுவது

சென்னையில் எந்தக் குடியிருப்போர் நலச்சங்கமும் ஒரு நாள் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கும். மழை பெய்தால் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கவுன்சிலர் நிதியில் கொஞ்சம் பணம் இருக்கிறது, இல்லையென்றால் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும் என்கிறார்கள். எதைக் கேட்பது? பெரும்பாலான கூட்டங்களில் யோசனைக்கே இடம் தராமல் ‘வடிகால் கட்டிக் கொடுங்கள்’ என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள்.

வடிகால் தவிரவும் வழிகள் உண்டு. விழுந்த மழையை விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறக்கலாம். கொஞ்ச நேரம் தேக்கி வைத்து மெதுவாக விடலாம். பக்கத்துக் குளத்துக்குத் திருப்பலாம். நீடித்த வடிகால் முறை, ஸ்பாஞ்ச் நகரம் என்று ஊருக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இதில் புரியாத தொழில்நுட்பம் எதுவும் கிடையாது. மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட மழைநீர் வடிகால் கையேட்டிலேயே மழைத் தோட்டம் (மழைநீரை உறிஞ்சும் தாழ்வான செடிப்பாத்தி), நீர் புகும் தரை எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அப்படியும் நம் தெருக்களுக்கு இவை வருவதில்லை. வந்தாலும் இரண்டு பருவமழைக்குள் செத்துப்போகின்றன.

அதனால் எந்த வழி சிறந்தது என்று மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வொரு வழியிலும் எது குறுக்கே நிற்கும் என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதைக் கட்டினாலும், கட்டிய மூன்றாம் வருடம் அதை யார் தூர் வாருவார்கள், எந்தப் பணத்தில் வாருவார்கள் என்று சொல்ல முடிகிற வழியைத்தான் எடுக்க வேண்டும். மண் எப்படிப்பட்டது என்பது அடுத்த கேள்வி. செலவு அதற்கும் அடுத்தது.

இந்த ஊரின் மழையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வோம். வருடத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில், அதிலும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. 2021 நவம்பரில் ஒரே இரவில் நகரத்துக்குள் 20 செ.மீ-க்கு மேல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். இவற்றுக்கு நடுவே 2019-இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவந்தோம். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் நடுவே நாலு வருடம்கூட இல்லை. தண்ணீரை விரட்டுவதா, வைத்துக்கொள்வதா என்பது இந்த ஊரில் ஏட்டுக் கேள்வியாக இருக்க முடியாது.

கான்கிரீட் வடிகால்

எல்லோரும் கேட்பது இது. கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இதைக் கட்டத் துறை இருக்கிறது, டெண்டர் விதிமுறை இருக்கிறது, விலைப்பட்டியல் இருக்கிறது, கட்டத் தெரிந்த கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். இத்தனை மீட்டர் கட்டினோம் என்று அளந்து எம்-புக் என்ற அளவுப் பதிவேட்டில் எழுதி பில் போட்டுவிடலாம். 2021 வெள்ளத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ் அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசு குழு அமைத்தது. அதற்கு அடுத்த இரண்டு வருடத்தில் நகரம் முழுக்க வடிகால் வேலை நடந்ததை எல்லோரும் பார்த்தோம். பல இடங்களில் தண்ணீர் முன்பைவிட வேகமாக வடிகிறது என்பது உண்மை. அதை மறுத்துப் பேசுவது நேர்மையாக இருக்காது.

ஆனால் வடிகால் தண்ணீரை ஒழிப்பதில்லை, இடம் மாற்றத்தான் செய்கிறது. சென்னை கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஆறேழு மீட்டர்தான் உயரம். சரிவு மிகக் குறைவு. கூவமும் அடையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் நிரம்பி ஓடும்போது, கடலில் ஓதமும் ஏறியிருந்தால், வடிகாலின் வாயே தண்ணீருக்குள் மூழ்கிவிடும். அப்போது உள்ளே இருப்பது வெளியே போகாது. சில இடங்களில் கால்வாய்த் தண்ணீர் வடிகால் வழியாகத் தெருவுக்குத் திரும்பி வரும். மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏறுகிறதே என்று வேளச்சேரிப் பக்கம் கேட்பார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் தெரு வடிகால் எதில் போய்ச் சேருகிறது என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். அடுத்த தெருவில் இணைப்பே இல்லாமல் முடிகிற வடிகால் ஒரு நீளமான கான்கிரீட் தொட்டி, அவ்வளவுதான். கட்டி முடித்ததையும் முடிக்காததையும் இணைக்கும் துண்டுகள் விட்டுப்போவது இந்த ஊரில் அடிக்கடி நடக்கிறது. ஏனென்றால் ஒரு தெரு மாநகராட்சியுடையது, அது போய்ச் சேரும் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, கடைசியில் விழும் கால்வாய் நீர்வளத் துறையுடையது.

அப்புறம் கடற்கரை ஓரம். கோவளம் வடிநிலத் திட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பகுதிகளுக்கு வடிகால் கொண்டுவந்தபோது, அங்கே குடியிருப்பவர்களே எதிர்த்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அவர்கள் வாதம் எளிமையானது: இங்கே மண் முழுக்க மணல், மழை தானாக உள்ளே இறங்கிவிடுகிறது, அந்த நல்ல நிலத்தடி நீரை நம்பித்தான் குடியிருக்கிறோம், அதை ஏன் கான்கிரீட் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோகிறீர்கள்? எனக்கு அந்த வாதம் முழுக்கச் சரி என்றே படுகிறது. அந்த மணலுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர்தான் கடலின் உப்புநீரை உள்ளே வரவிடாமல் தள்ளிப் பிடித்திருக்கிறது. அது குறைந்தால் போர்வெல் தண்ணீரில் உப்பு ஏறும், அப்புறம் லாரித் தண்ணீர்தான்.

வடிகாலையே கொஞ்சம் மாற்றிக் கட்டுவதும் உண்டு. 2021-இல் ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்ட கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டத்தில், 588 கி.மீ புது வடிகாலோடு, நிலத்தடி நீரைச் செறிவூட்ட 23,000 தொட்டிகளையும் வடிகால் ஓரத்தில் சேர்த்தார்கள். காகிதத்தில் இது இரண்டு பக்கமும் லாபம். ஆனால் வடிகாலில் மழைநீர் மட்டும் ஓட வேண்டும். நம் வடிகால்களில் பலவற்றில் வீட்டுக் கழிவுநீர் ஓடுகிறது. பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால் குடிநீர் வாரியத்துக்காகக் காத்திருக்காமல் ராத்திரியோடு ராத்திரியாக மழைநீர் வடிகாலில் குழாயைச் சொருகிவிடுகிறார்கள். அந்த வடிகாலின் அடியில் உறிஞ்சுகுழி போட்டால் என்ன உள்ளே இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதைத் தெரிந்துகொள்ள நிபுணர் வேண்டாம். மழையே இல்லாத மார்ச் மாதத்தில் வடிகால் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் ஓடினால் அது கழிவுநீர். அந்த இணைப்புகளை அடைக்காமல் அந்தத் தெருவில் நீரைச் செறிவூட்டும் எந்த வேலையையும் கேட்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

உறைகிணறும் உறிஞ்சுகுழியும்

2003-இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. புதுக் கட்டடம், பழைய கட்டடம் என்று பார்க்கவில்லை. இந்தியாவில் அதற்கு முன் யாரும் இவ்வளவு தீவிரமாகச் செய்ததில்லை. அடுத்த வருடங்களில் நகரத்தின் பல பகுதிகளில் கிணற்று நீர்மட்டம் ஏறியதைச் சென்னைக்காரர்கள் தம் வீட்டிலேயே பார்த்தார்கள். சட்டம், விளம்பரம், கெடு எல்லாம் சேர்ந்தால் மக்கள் செய்வார்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிடையாது.

இன்று அதே அமைப்புகளில் எத்தனை வேலை செய்கின்றன? மொட்டை மாடிக் குழாய் எங்கே போகிறது என்று வீட்டு உரிமையாளரையே கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் குழாய் நேராகத் தெருவைப் பார்த்து இருக்கும். குழிமேல் டைல்ஸ் போட்டிருப்பார்கள், அல்லது பைக் நிற்கும். சட்டம் கட்டுவதைக் கேட்டது, கட்டியதைப் பேணுகிறார்களா என்று வருடாவருடம் பார்க்க ஆள் வைக்கவில்லை. புது வீட்டுக்கு நிறைவுச் சான்று வாங்கும் நாளோடு கதை முடிந்துவிடுகிறது.

அமைப்பிலும் ஒரு தேர்வு இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. குழி தோண்டி, உடைந்த செங்கல்லும் ஜல்லியும் மணலும் மேல்வரை நிரப்பி மூடுவது மலிவு. ஆனால் வண்டல் அடைத்துக்கொண்டால் முழுவதையும் தோண்டி எடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும், யாரும் செய்வதில்லை. உறை இறக்கி உள்ளே வெற்றிடமாக விட்டு, மேலே மூடி போட்ட கிணறு கொஞ்சம் செலவு அதிகம். ஆனால் ஆள் இறங்காமலே வாளியாலும் பம்பாலும் வண்டலை எடுத்துவிடலாம். தெருவோரத்துக்கு நான் உறைகிணற்றை மட்டும்தான் சொல்வேன், அதுவும் முன்னால் ஒரு வண்டல் பிடிக்கும் தொட்டியோடு.

கணக்கைப் பார்த்தால் இதன் பலமும் வரம்பும் தெரியும். 3 அடி விட்டம், 15 அடி ஆழம் உள்ள உறைகிணறு ஏறக்குறைய 3,000 லிட்டர் கொள்ளும். ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் 10 செ.மீ மழை விழுந்தால் அது 22,000 லிட்டருக்கு மேல். அதாவது மண் உறிஞ்சாவிட்டால் கிணறு கொஞ்ச நேரத்திலேயே நிரம்பிவிடும். மண் உறிஞ்சினால் அதே கிணறு மழை பெய்யப் பெய்யக் குடித்துக்கொண்டே இருக்கும். எல்லாம் மண்ணைப் பொறுத்தது.

சென்னையின் மண் ஒரே மாதிரி கிடையாது. திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம், ஜார்ஜ் டவுன், தண்டையார்பேட்டை என்று கடலோரம் நெடுக மணல். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், கொளத்தூர், விருகம்பாக்கம் களிமண். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம், சைதாப்பேட்டையின் ஒரு பகுதி பாறை. ஒரு வார்டுக்குள்ளேயே மாறவும் செய்யும். அதனால் சோதித்துப் பார்ப்பதே நல்லது. ஒரு அடி அகலம், மூன்றடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். தண்ணீர் ஊற்றி ஒரு முறை வடியவிட்டு, மண் நன்றாக நனைந்த பிறகு மறுபடி நிரப்பி, குச்சியில் குறியிட்டு மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் என்றால் தாராளமாகப் போடலாம். அரை அங்குலத்துக்கும் குறைவு என்றால் அந்த ஆழத்தில் உறிஞ்சுகுழிக்குப் பணம் போடாதீர்கள். களிமண்ணுக்குக் கீழே மணல் அடுக்கு இருக்கிற இடங்களில் ஆழமாகப் போய் அதைத் தொட்டால் பலன் உண்டு. ஆனால் அதைப் பழைய கிணறு தோண்டியவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு செய்யுங்கள்.

குளமும் ஸ்பாஞ்ச் பூங்காவும்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. மிகவும் கஷ்டமான வழியும் இதுதான்.

பிடித்ததற்குக் காரணம், இது இந்த நிலத்தின் வழி. ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு, அங்கிருந்து அதற்கடுத்த ஏரிக்கு என்று உபரிநீர் வழியும் கலிங்கல் வழியாகத் தண்ணீர் இறங்கிய நாடு இது. தி.நகர் இருக்கும் இடத்தில் 1920-கள் வரை மாம்பலம் ஏரி இருந்தது. அதை வடித்துவிட்டுத்தான் அந்த நகரை அமைத்தார்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, ஆனால் முன்பு விரிந்து கிடந்ததில் மிஞ்சியிருப்பது சிறு பகுதிதான். தண்ணீர் பழைய இடத்தைத் தேடி வருகிறது என்று சும்மா சொல்வதில்லை, நிலத்தின் தாழ்வு இன்னும் அப்படியே இருக்கிறது.

கணக்கும் இதன் பக்கம்தான். ஆயிரம் சதுர மீட்டர் பரப்பில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு ஒரு குளம் வெட்டினால் 15 லட்சம் லிட்டர் பிடிக்கும். ஏறக்குறைய 67 கிரவுண்டு நிலத்தில் விழும் 10 செ.மீ மழை, ஒரு சொட்டு மண்ணில் இறங்காவிட்டாலும், மொத்தமும் அதில் அடங்கிவிடும். அதே அளவை உறைகிணறுகளில் பிடிக்க 500 கிணறு வேண்டும். களிமண்ணாக இருந்தால்கூடப் பரவாயில்லை, ஏனென்றால் குளத்தின் வேலை முதலில் பிடித்து வைப்பது, உறிஞ்சுவது அடுத்தது. உச்ச மழையின் மூன்று நான்கு மணி நேரம் அந்தத் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் இருந்தாலே கீழே இருக்கும் தெருக்கள் தப்பிக்கும். 2024-இல் கிண்டி ரேஸ் கிளப் குத்தகையை அரசு ரத்து செய்து 160 ஏக்கரை மீட்டபோது, மாநகராட்சி அங்கே முதலில் குளங்கள் வெட்டியது வேளச்சேரியை மனத்தில் வைத்துத்தான்.

நம் தெருவுக்கு ரேஸ் கோர்ஸ் கிடைக்காது. ஆனால் ஓ.எஸ்.ஆர் எனப்படும் திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம் பல இடங்களில் இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அவற்றில் சிலவற்றை மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் ஸ்பாஞ்ச் பூங்காவாக மாற்றியிருக்கிறது: நடுவில் தாழ்வாக ஒரு குட்டை, சுற்றிலும் நடைபாதை, செடி. பக்கத்துத் தெருத் தண்ணீர் குட்டைக்கு வந்து சேரும்படி அமைப்பு.

சரி, இவ்வளவு நல்லதென்றால் எங்கே இடிக்கிறது?

முதலில் இடம். காலி நிலம் என்றால் கவுன்சிலருக்கு ஒரு கனவு இருக்கும், சங்கத்துக்கு ஒரு கனவு இருக்கும்: சமுதாயக் கூடம், உடற்பயிற்சிக் கூடம், ஷட்டில் கோர்ட். வருடத்தில் ஒன்பது மாதம் காய்ந்து கிடக்கும் பள்ளத்தைப் பார்த்து யாரும் பெருமைப்படுவதில்லை. ஆனால் பள்ளத்தையே விளையாடுமிடமாக வைக்கலாம், மழை நாட்களில் மட்டும் அது குளம். வடிவமைக்கும்போதே சரிவைப் படிப்படியாக விட்டால் குழந்தைகள் பயமும் பாதி போய்விடும்.

அடுத்தது கொசு. எந்தக் கூட்டத்திலும் இது வரும், வர வேண்டியதும்தான், டெங்கு பார்த்த ஊர். கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். குட்டை மூன்று நாளுக்குள் வடியும்படி அடியில் ஒரு சிறு வெளிப்போக்குக் குழாயை வைத்தால் கொசுவுக்கு அங்கே வாழ்வில்லை. இதைச் சொல்லி, வரைபடத்தில் காட்டி, எழுதியும் கொடுத்தால் எதிர்த்தவர்களே கையெழுத்துப் போடுவார்கள். சொல்லாமல் விட்டால் முதல் காய்ச்சலில் குட்டையை மண் போட்டு மூடச் சொல்லி மனு போகும்.

மூன்றாவதுதான் பெரிய தடை. பூங்கா பூங்காத் துறையுடையது. அதற்குள் வரும் தண்ணீர் மழைநீர் வடிகால் துறையுடையது. தண்ணீரைக் கொண்டுவரும் தெரு சாலைத் துறையுடையது. பூங்காவைப் பராமரிக்கும் கான்ட்ராக்டருக்குப் புல் வெட்டவும் செடிக்குத் தண்ணீர் ஊற்றவும்தான் ஒப்பந்தம், குட்டையில் சேர்ந்த வண்டலை எடுப்பது பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. வடிகால் துறை தூர் வாரும் பட்டியலில் பூங்காவுக்குள் இருக்கும் குட்டை இல்லை. ஒரு அடி வண்டல் சேர்ந்தால் அந்தக் குளம் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். நுழைவாயிலை இரண்டு பிளாஸ்டிக் பைகள் அடைத்தால் மொத்தமும் வீண். யாரும் வேண்டுமென்று கெடுக்கவில்லை. யாருடைய பதிவேட்டிலும் அந்த வேலை எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

நீர் புகும் தரையும் சாலையோர மழைத் தோட்டமும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பொதுத் தெருவுக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை. பேவர் பிளாக் போட்டாலே தண்ணீர் இறங்கும் என்று நம்புகிறார்கள். கீழே கான்கிரீட் படுக்கை போட்டுவிட்டு மேலே பிளாக் அடுக்கினால் ஒரு சொட்டும் இறங்காது. சரியாக ஜல்லிப் படுக்கையில் போட்டாலும், நம் தெருத் தூசும் கட்டுமான மணலும் இடுக்கை அடைத்துவிடும், உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் கொண்டு சுத்தம் செய்ய வேண்டும். அதற்குள் கேபிளுக்கு ஒருவர், குடிநீர்க் குழாய்க்கு ஒருவர் என்று வெட்டிவிட்டு சிமென்ட் பூசி மூடிவிடுவார்கள். அடுக்குமாடி வளாகத்துக்குள், கார் நிறுத்துமிடத்தில், பள்ளி வளாகத்தில் போடுங்கள், அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. தெருவில் மரத்தின் அடியைச் சுற்றி சிமென்ட்டை உடைத்து மண்ணைத் திறந்துவிடுவதையாவது எல்லோரும் உடனே செய்யலாம், அதற்கு டெண்டர்கூடத் தேவையில்லை.

தடை எங்கே இருக்கிறது

இந்த நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மற்ற மூன்றும் வடிகாலிடம் தோற்பது தண்ணீர் கணக்கில் அல்ல என்று தெரியும். கடன் வாங்கியோ மானியத்திலோ கட்டுமானத்துக்குப் பணம் வருகிறது, பராமரிப்புக்கு மாநகராட்சியின் சொந்த வருவாயிலிருந்து எடுக்க வேண்டும். கட்டுமானம் பெரிதாகவும் பராமரிப்பு சிறிதாகவும் இருக்கும் வேலையைத்தான் இந்த ஏற்பாடு விரும்பும். பசுமை வழிகள் இதற்கு நேர்மாறு: கட்டச் செலவு குறைவு, பிறகு வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக வேலை கேட்கும்.

பிரிட்டனில் இதே சிக்கலை இரண்டு விதமாகக் கையாண்டதைப் பார்க்கலாம். 2010-இல் வந்த வெள்ளம் மற்றும் நீர் மேலாண்மைச் சட்டத்தில், புதுக் கட்டடங்களுக்கு நீடித்த வடிகாலைக் கட்டாயமாக்கி, அதை அங்கீகரிக்கவும் பின்பு ஏற்றுப் பராமரிக்கவும் ஒரு அமைப்பு வேண்டும் என்று ஒரு பகுதி இருக்கிறது. வேல்ஸ் 2019 சனவரியில் அந்தப் பகுதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட வீடு, அல்லது 100 சதுர மீட்டர் கட்டுமானம் என்றாலே அது பொருந்தும், தரப்படி கட்டியதை உள்ளாட்சி ஏற்றுக்கொள்ள வேண்டும். அதே சட்டத்தை வைத்துக்கொண்டு இங்கிலாந்து பல வருடங்களாக அந்தப் பகுதியைத் தொடாமலே இருந்தது. இரண்டு இடத்திலும் அதே மழை, அதே பொறியாளர்கள். யார் ஏற்றுக்கொள்வது என்பதை ஒரு இடத்தில் முடிவு செய்தார்கள், இன்னொரு இடத்தில் தள்ளிப்போட்டார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா 2011-இல் 25 ஆண்டுத் திட்டம் தொடங்கியபோது பணத்துக்கும் வழி கண்டது: வணிக வளாகங்களில் நீர் புகாத தரை எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப மழைநீர்க் கட்டணம், அந்தத் தரையைக் குறைத்தால் கட்டணமும் குறையும். நம் சொத்து வரியில் இப்படி ஒரு தள்ளுபடி வந்தால் மாடிக்குழாய்கள் தானாகத் தெருவிலிருந்து உள்ளே திரும்பும் என்று நம்புகிறேன்.

பசுமை வழிகளுக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஸ்பாஞ்ச் நகரத் திட்டத்தில் பெரும் பணம் போட்ட சீனாவின் செங்சோ நகரில் 2021 சூலையில் ஒரே மணி நேரத்தில் 20 செ.மீ மழை கொட்டி, சுரங்க ரயிலுக்குள்ளேயே மக்கள் இறந்தார்கள். தாம்பரத்தின் 49 செ.மீ-க்கு எந்தக் குட்டையும் உறைகிணறும் ஈடு கொடுக்காது. அப்படிப்பட்ட நாளுக்கு ஆறும் கால்வாயும் முகத்துவாரமும் திறந்திருக்க வேண்டும், வேறு வழியில்லை. வருடத்தில் பல முறை வரும் 5 செ.மீ, 10 செ.மீ மழைக்குத்தான் தெரு அளவில் நாம் செய்வது பதில் சொல்லும்.

அப்படியானால் எதைக் கேட்பது

மணல் பகுதியில் இருக்கிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், தெருவோர உறைகிணறுகளைக் கேளுங்கள், வீட்டு மாடிக்குழாய்களை உள்ளே திருப்புங்கள். ஆழமான கான்கிரீட் வடிகால் வந்தால் அடிப்பகுதியைத் திறந்து விடச் சொல்லிக் கேளுங்கள், முடியாதென்றால் எதிர்க்கவும் தயங்காதீர்கள். கழிவுநீர் இணைப்பு இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

களிமண் பகுதியில் குளம் அல்லது ஸ்பாஞ்ச் பூங்காதான் முதல் தேர்வு, வடிகால் இரண்டாவது. அரை கிலோமீட்டருக்குள் ஓ.எஸ்.ஆர் நிலமோ, கோயில் குளமோ, தூர்ந்த குட்டையோ இருந்தால் புது வடிகாலுக்குப் போடும் பணத்தின் ஒரு பகுதியை அங்கே தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்காலுக்குக் கேளுங்கள். அப்படி எதுவுமே இல்லையென்றால் வடிகால்தான், ஆனால் அது எங்கே போய் விழுகிறது என்று வரைபடம் காட்டாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வேளச்சேரி, ஆதம்பாக்கம் மாதிரி பாறையும் தாழ்வும் சேர்ந்த இடத்தில் உங்கள் தெருவில் செய்யக்கூடியது குறைவு. வடிகால் வேண்டும், மோட்டார் வேண்டும், மேலே இருக்கும் பகுதிகள் தண்ணீரைத் தேக்கி வைக்க வேண்டும். அங்கே உள்ள சங்கங்கள் மேட்டுப் பகுதிச் சங்கங்களோடு சேர்ந்து கேட்டால்தான் எடுபடும். எந்த மண்ணானாலும், பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே புதுச் சாலை போட்டு வீட்டைப் பள்ளமாக்குவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

தீர்மானத்தை ஏரியா சபையில் (வார்டுக்குள் பகுதி பகுதியாக மக்கள் கூடும் கூட்டம்) வைக்கும்போது மூன்று வரி சேர்த்து எழுதச் சொல்லுவேன். பருவமழைக்கு முன் செப்டம்பருக்குள்ளும், மழை முடிந்து சனவரியிலும் வண்டல் எடுப்பது எந்தத் துறையின் பொறுப்பு என்று பதவிப் பெயரோடு ஒரு வரி. அதற்கான பணம் எந்தத் தலைப்பில் வரும் என்று ஒரு வரி. கட்டிய கான்ட்ராக்டரே முதல் மூன்று வருடம் பராமரிக்க வேண்டும், அதுவரை வைப்புத்தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்க வேண்டும் என்று ஒரு வரி. உதவிப் பொறியாளர் முதலில் எஸ்டிமேட்டில் இதற்கு இடமில்லை என்பார். எஸ்டிமேட் போடுவதற்கு முன்னாலேயே கேட்டால் இடம் இருக்கும். மாநகராட்சி பட்ஜெட் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வருகிறது. அதனால் மனுவைத் தண்ணீர் நிற்கும் நவம்பரில் எழுதி வைத்து, சனவரிக்குள் கொடுத்துவிடுங்கள். தெருவில் எந்த வீட்டு வாசல்வரை தண்ணீர் வந்தது என்று தேதியோடு எடுத்த படங்களை இணைத்தால், எங்கே எவ்வளவு தேக்க வேண்டும் என்ற கணக்கை அதிலிருந்தே போட்டுவிடலாம்.